எல்லைக்கோடு காக்க இயலாத பனி: கிளேசியர் தேசியப் பூங்காவின் நிலமும் பனியாறுகளும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் கனடாவைத் தொடும் வட எல்லையில், ராக்கி மலைத்தொடரின் ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர் பரப்பை உள்ளடக்கிய கிளேசியர் தேசியப் பூங்கா, 1910ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் சுரங்கத் தொழிலும் வணிக நோக்கிலான மரவெட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இடம்பெறவில்லை. காடும் விலங்கும் ஏரியும் சட்டத்தின் காவலில் உள்ளன. ஆயினும் அதே காலத்தில் அங்குள்ள பனியாறுகளின் பரப்பு தொடர்ந்து குறைந்து வந்துள்ளது. நிலத்தைக் காத்த அந்தச் சட்டத்தால் பனியைக் காக்க இயலவில்லை. இந்த முரணை விளங்கிக்கொள்ள, அந்நிலம் உருவான விதத்தையும், அதைச் செதுக்கிய பனியின் இயல்பையும், பூங்காவுக்கு எல்லை வகுத்த மனித வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கும்போது, பூங்காவின் எல்லை எதைக் காக்கத் தவறியது என்பதோடு, அந்தத் தவறுதலை ஐயமின்றி நிறுவும் சான்றுகளை அது எவ்வாறு பாதுகாத்துத் தந்தது என்பதும் புலப்படும்.

பாறைகளின் வரலாறு

பூங்காவின் மலைகளில் காணப்படும் சிவப்பும் பச்சையுமான படிவுப் பாறைகள் வட அமெரிக்காவின் மிகத் தொன்மையான படிவுகளில் அடங்கும். ஏறத்தாழ 140 முதல் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இப்பகுதியில் பரந்திருந்த ஆழமற்ற நீர்நிலை ஒன்றில் சேறும் மணலும் சுண்ணமும் அடுக்கடுக்காகப் படிந்து, காலப்போக்கில் பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைத்தொகுதியாக இறுகின. புவியியலாளர் இதனை பெல்ட் பாறைத்தொகுதி என்று குறிப்பிடுகின்றனர். அந்த நீரின் அலைகள் கரையோரச் சேற்றில் பதித்த வரிகளும், வெயிலில் காய்ந்த சேறு வெடித்த கோடுகளும் இன்றும் பாறைப் பலகைகளில் தெளிவாகத் தெரிகின்றன. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து விட்டுச்சென்ற ஸ்ட்ரோமட்டோலைட் என்னும் புதைபடிவங்களும் இப்பாறைகளில் நிறைந்துள்ளன. விலங்குகளோ நிலத்தாவரங்களோ தோன்றாத ஒரு காலத்தின் உயிர்ச்சுவடுகள் இவை.

இப்பாறைகள் இன்று மலைச்சிகரங்களாக நிற்பதற்கு, லூயிஸ் மேலுந்து பிளவு எனப்படும் மாபெரும் நிலப்பெயர்ச்சியே காரணம். மேலுந்து பிளவு என்பது, பக்கவாட்டு அழுத்தத்தால் புவியோட்டின் ஒரு பகுதி உடைந்து, பக்கத்திலுள்ள பகுதியின்மீது ஏறிச் சறுக்கிச் செல்வதைக் குறிக்கும். ஏறத்தாழ 6 கோடி முதல் 7½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், பல கிலோமீட்டர் தடிமனுள்ள பெல்ட் பாறைப்பாளம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காகக் குறைந்தது 80 கிலோமீட்டர் நகர்ந்து, தன்னைவிட 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் இளையனவான பாறைகளின்மீது அமர்ந்தது. கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்ற படிவுப் பாறைகளின் பொதுவிதி இங்குத் தலைகீழாகியிருப்பதை 1902ஆம் ஆண்டிலேயே புவியியலாளர் பெய்லி வில்லிஸ் விரிவாக எடுத்துரைத்தார். பூங்காவின் கிழக்கு விளிம்பில், சமவெளியை நோக்கித் தனித்து நிற்கும் சீஃப் மலை, அவ்வாறு நகர்ந்து வந்த பாளத்திலிருந்து அரிப்பினால் பிரிந்து எஞ்சிய துண்டாகும்.

பனி செதுக்கிய நிலம்

மலையை உயர்த்தியது நிலப்பெயர்ச்சி என்றால், அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது பனியாகும். ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்பு முடிவுற்ற கடைசிப் பெரும் பனியுகத்தில், இப்பகுதியின் பள்ளத்தாக்குகளைப் பனிக்கட்டி நிரப்பியிருந்தது. மிக உயர்ந்த முகடுகளும் சிகரங்களும் மட்டுமே அதற்கு மேலே தலைகாட்டின. நகரும் பனிக்கட்டி இரண்டு வழிகளில் நிலத்தை அரிக்கிறது. பாறை வெடிப்புகளில் உறைந்து பிடித்துக்கொண்டு நகரும்போது பாறைத்துண்டுகளைப் பெயர்த்தெடுப்பது ஒன்று. அவ்வாறு பெயர்த்த துண்டுகளைத் தன் அடிப்புறத்தில் பதித்துக்கொண்டு, தான் கடக்கும் தரையைத் தேய்ப்பது மற்றொன்று. ஆறு அரித்த பள்ளத்தாக்கு குறுகலான அடியைக் கொண்டிருக்க, பனியாறு அரித்த பள்ளத்தாக்கு அகன்ற தட்டையான அடியும் செங்குத்தான பக்கங்களும் உடைய யு வடிவத்தைப் பெறுவது இந்தத் தேய்ப்பினால்தான். செயின்ட் மேரி ஏரியும் மெக்டொனால்ட் ஏரியும் கிடக்கும் பள்ளத்தாக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் மெக்டொனால்ட் ஏரி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமும் 140 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்டு, பூங்காவின் மிகப் பெரிய ஏரியாக விளங்குகிறது.

பனியாறு பிறக்கும் இடத்தில், மலைச்சரிவில் சாய்வு நாற்காலியின் அமைப்பில் குடையப்படும் அரைவட்டக் குழிவு சர்க்கு எனப்படும். பனி உருகி விலகிய பின் அக்குழிவில் நீர் தேங்கினால் அது டார்ன் ஏரி ஆகிறது. செங்குத்தான பாறைச்சுவர்கள் சூழ, கோடையிலும் பனித்துண்டுகள் மிதக்கும் ஐஸ்பெர்க் ஏரி இதற்குச் சிறந்த சான்று. ஒரு முகட்டின் இருபுறமும் பனியாறுகள் அரிக்கும்போது இடையில் எஞ்சும் கூரிய பாறைச்சுவர் அரெட்டு எனவும், பல திசைகளிலிருந்தும் சர்க்குகள் குடைந்து நெருங்க நடுவில் எஞ்சும் கூர்ங்கோபுரச் சிகரம் கொம்புச் சிகரம் எனவும் பெயர் பெறும். பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீளும் கார்டன் வால் முகடு முன்னதற்கும், லோகன் கணவாயை ஒட்டி நிற்கும் ரெனால்ட்ஸ் சிகரம் பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். முதன்மைப் பள்ளத்தாக்கைப் பெரிய பனியாறு ஆழமாக அரிக்க, அதில் வந்து சேர்ந்த சிறிய பனியாற்றின் பள்ளத்தாக்கு அந்த ஆழத்தை எட்டாமல் உயரத்திலேயே நின்றுவிடுவதால் தொங்கு பள்ளத்தாக்கு உருவாகிறது. அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பிலிருந்தே பேர்ட் உமன் அருவி வீழ்கிறது.

இந்நிலத்தின் முதுகெலும்பாக நீளும் கண்டப் பிரிமேடு, வட அமெரிக்காவின் நீரோட்டத்தைப் பகுக்கும் கோடாகும். டிரிபிள் டிவைடு என்னும் சிகரத்தில் விழும் மழையும் பனியும் மூன்று திசைகளில் பிரிந்து, ஒரு பகுதி கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் பெருங்கடலையும், ஒரு பகுதி மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடாவையும், எஞ்சியது வடகிழக்கே ஹட்சன் விரிகுடாவையும் அடைகின்றன. பசிபிக்கின் ஈரக்காற்றைப் பெறும் மேற்குச் சரிவில் செடார், ஹெம்லாக் மரங்களின் அடர்ந்த காடு வளர, காற்று வறண்டு இறங்கும் கிழக்குச் சரிவு சில கிலோமீட்டர் தொலைவிலேயே புல்வெளியாக மாறுகிறது.

இன்றைய பனியாறுகளின் இயல்பு

பள்ளத்தாக்குகளைச் செதுக்கிய பழைய பனிப்பெருக்கின் எச்சங்களே இன்றைய பனியாறுகள் என்று கருதுவது பொருந்தாது. பெரும் பனியுகத்தின் பனி உருகிய பின், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு இங்குப் புதிதாகச் சிறு பனியாறுகள் தோன்றின. அவை காலநிலைக்கேற்பப் பெருகியும் சுருங்கியும் வந்து, சிறு பனியுகம் என்று வழங்கும் குளிர்ந்த நூற்றாண்டுகளின் முடிவில், ஏறத்தாழ 1850ஆம் ஆண்டளவில், தம் மிகப் பெரிய பரப்பை எட்டின. அக்காலத்தில் அவை முன்னே தள்ளிச் சென்று குவித்த கற்களும் மண்ணும் கலந்த வரப்புகள் மொரைன் எனப்படுகின்றன. மரம் செடிகள் இன்னும் முழுமையாகப் பற்றாத அவ்வரப்புகள், 1850இல் பனி எதுவரை நின்றது என்பதைக் காட்டும் இயற்கையின் எல்லைக்கற்களாக உள்ளன.

ஒரு பனித்திரள் பனியாறு என்ற தகுதியைப் பெறுவதற்கு அது நகர வேண்டும். ஆண்டுதோறும் விழும் வெண்பனி கோடையில் முழுவதும் உருகாமல் எஞ்சி, அடுத்தடுத்த ஆண்டுகளின் சுமையால் அழுந்தி, இடையிலுள்ள காற்று வெளியேற, அடர்ந்த பனிக்கட்டியாக மாறுகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 30 மீட்டரை எட்டும்போது, தன் எடையாலேயே அது உருத்திரிந்து சரிவில் மெல்ல ஒழுகத் தொடங்குகிறது. நகர்வதற்குத் தேவையான குறைந்த அளவாக 0.1 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பை ஆய்வாளர் வழக்கமாகக் கொள்கின்றனர். அதற்குக் கீழே சுருங்கியது அசைவற்ற பனித்திட்டாகக் கருதப்படும். பனியாற்றின் வளர்ச்சியும் தேய்வும் குளிர்காலத்தில் சேரும் பனிக்கும் கோடையில் உருகும் பனிக்கும் இடையிலான வரவுசெலவைப் பொறுத்தவை. இதுவே நிறைச் சமநிலை என்று அறிவியலில் குறிக்கப்படுகிறது.

எல்லை வகுக்கப்பட்ட வரலாறு

இம்மலைகள் ஆளற்ற வெளியாக இருந்தவை அல்ல. கிழக்குச் சரிவு பிளாக்ஃபீட் மக்களின் வாழ்விடமாகவும் வழிபாட்டுவெளியாகவும் இருந்தது. உலகின் முதுகெலும்பு என்றே அவர்கள் இம்மலைத்தொடரைக் கருதினர். மேற்குப் பள்ளத்தாக்குகளை கூட்டனை, சாலிஷ் மக்கள் பயன்படுத்தினர். காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டதையடுத்து, 1883-84ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிளாக்ஃபீட் மக்களில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் இறந்தனர். அந்த நலிந்த நிலையிலேயே, 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாயிலாகத் தம் மலைநிலத்தை 15 லட்சம் டாலருக்கு அமெரிக்க அரசிடம் அவர்கள் விட்டுக்கொடுத்தனர். அந்நிலம் பொதுநிலமாக நீடிக்கும்வரை அங்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் எடுக்கவும் தமக்குள்ள உரிமையை அவ்வுடன்படிக்கை ஒப்புக்கொண்டதாக அவர்கள் கொண்டனர். பூங்கா அமைந்த பின் அரசு அவ்வுரிமை முடிவுற்றதாகக் கருதியது. அதனால் எழுந்த பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. பனியாறுகளின் பூங்கா என்று உலகம் போற்றும் நிலத்தின் எல்லை, ஒரு மக்களின் இழப்பின்மீது வரையப்பட்டது என்பதை அதன் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க இயலாது.

அந்த உடன்படிக்கையைப் பேசி முடித்த அரசுப் பிரதிநிதிகள் மூவருள் ஒருவர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல். இயற்கை, வேட்டை ஆகியவற்றுக்கான இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த அவர், 1885ஆம் ஆண்டில் முதன்முதலாக இப்பகுதிக்கு வந்தார். பின்னர் தம் பெயராலேயே வழங்கலான பனியாற்றை 1887ஆம் ஆண்டில் அடைந்தார். விட்டுக்கொடுக்கப்பட்ட நிலம் 1898இல் சுரங்கத் தேடலுக்குத் திறந்துவிடப்பட்டது. செம்பு தேடி வந்தவர்கள் எதிர்பார்த்த வளம் கிட்டாமல் விரைவில் விலகினர். 1901இல் செஞ்சுரி இதழில் வெளிவந்த தம் கட்டுரையில் இம்மலைகளைக் கண்டத்தின் மகுடம் என்று வருணித்த கிரின்னெல், அவற்றைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று தொடர்ந்து வாதிட்டார். பூங்காவின் தென்னெல்லையை ஒட்டி இருப்புப்பாதை அமைத்திருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனமும் பயணிகளை ஈர்க்கும் நோக்கில் அம்முயற்சிக்குத் துணைநின்றது. 1932இல் இப்பூங்கா கனடாவின் வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்காவுடன் இணைக்கப்பட்டு, உலகின் முதல் பன்னாட்டு அமைதிப் பூங்கா ஆனது. 1995இல் இரண்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன.

சுருக்கத்தின் அளவுகள்

பூங்காவின் பனியாறுகளை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பல பதிற்றாண்டுகளாக அளந்து வருகிறது. வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள், களத்தில் நடும் அளவுக்கோல்கள் ஆகியவற்றோடு, 1997இல் தொடங்கிய மறுபடப்பிடிப்புத் திட்டமும் இவ்வாய்வுக்கு உதவியது. பழைய ஒளிப்படம் எடுக்கப்பட்ட அதே இடத்தைத் தேடிக் கண்டு, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிடும் முறை இது. 1938இல் டி. ஜே. ஹைல்மன் கூல்ட் மலையின்மீதிருந்து எடுத்த கிரின்னெல் பனியாற்றின் படத்தில் பனி மூடிக் கிடந்த இடத்தின் பெரும்பகுதி, பிற்காலப் படங்களில் உருகுநீர் ஏரியாகக் காட்சியளிக்கிறது. பனி விலகி வெளிப்பட்ட அப்பனியாற்றின் பழைய படுகையில், பனி தேய்த்து மெருகேற்றிய பாறைமீது நெடுங்கீறல்களும், முன்னர்க் கூறிய ஸ்ட்ரோமட்டோலைட் வளையங்களும் வெளிச்சத்துக்கு வந்துள்ளன.

எண்கள் இதனை இன்னும் துல்லியமாக உரைக்கின்றன. 1966இல் 0.1 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெயரிடப்பட்ட பனியாறுகள் பூங்காவில் 35 இருந்தன; 2015இல் அவை 26 ஆகக் குறைந்தன. பூங்காவிலும் அதையொட்டிய வனநிலத்திலுமாக அளக்கப்பட்ட 39 பனியாறுகள் இந்த அரை நூற்றாண்டில் சராசரியாகத் தம் பரப்பில் 39 விழுக்காட்டை இழந்தன. சில 85 விழுக்காடுவரை இழந்தன. கிரின்னெல் பனியாறு 1966இல் ஏறத்தாழ 1 சதுர கிலோமீட்டர் பரப்புடன் இருந்து, 2015இல் அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பாகச் சுருங்கியது. எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பெரியதுகூட 2 சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. பிளாக்ஃபூட், ஜாக்சன் என்று இன்று தனித்தனியே நிற்கும் பனியாறுகள் அமைந்த வடிநிலத்தில், 1850இல் 21.6 சதுர கிலோமீட்டராக இருந்த பனிப்பரப்பு 1979இல் 7.4 சதுர கிலோமீட்டராகக் குறைந்திருந்தது.

இந்த வடிநிலத்தைக் கொண்டே 2003இல் மைர்னா ஹால், டேனியல் ஃபேகர் ஆகியோர் கணினி மாதிரி ஒன்றை அமைத்து, கரியமிலவாயு இரட்டிப்பாகும் நிலையில் அங்குள்ள பனியாறுகள் 2030ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்று கணித்தனர். குறிப்பிட்ட நிபந்தனைகளின்கீழ், ஒரே வடிநிலத்துக்குச் சொல்லப்பட்ட அம்முடிவு, பொதுப்பேச்சில் முழுப் பூங்காவுக்குமான கெடுநாளாகப் பரவியது. அதைவிடவும் முன்னதாக, 2020க்குள் பனியாறுகள் அனைத்தும் மறையும் என்று பூங்காவில் வைக்கப்பட்டிருந்த பலகைகள் பிற்பாடு ஆண்டு குறிப்பிடாத வாசகங்களுக்கு மாற்றப்பட்டன. அந்த மாற்றத்தைச் சுட்டிப் பனி உருகவே இல்லை என்று வாதிட்டோர் உண்டு. ஆனால் அளவீடுகள் அதற்கு இடம் தரவில்லை. பனியாறுகள் சுருங்கச் சுருங்க, அவற்றின் எச்சங்கள் சர்க்குகளின் நிழலுக்குள் ஒதுங்குகின்றன; காற்று அடித்துக் குவிக்கும் பனியும் பாறைச்சுவர்களிலிருந்து சரியும் பனியும் அவற்றுக்குக் கூடுதல் வரவாகின்றன. ஆகவே ஒவ்வொரு பனியாறும் தன் அமைவிடத்துக்கேற்ற வேகத்தில் தேய்கிறது. ஆண்டைத் துல்லியமாகக் குறிக்க முடியாமையால் திசையும் ஐயத்துக்குரியதாகிவிடாது.

காரணத்தைப் பகுத்தறிதல்

சுருக்கம் முழுவதற்கும் ஒரே காரணத்தைச் சொல்வது அறிவியலுக்கு நேர்மையாகாது. சிறு பனியுகம் முடிந்ததால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பின்வாங்கலில் இயற்கைக் காலநிலை மாற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விரைவாகத் தேய்ந்த பனியாறுகள், குளிர்ந்த கோடைகளும் மிகுந்த பனிப்பொழிவும் நிலவிய 1940களுக்கும் 1970களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மெதுவாகவே சுருங்கின. உலகப் பனியாறுகளைக் கணக்கில்கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1851 முதல் 2010 வரையிலான பனியிழப்பில் ஏறத்தாழ கால்பங்கே மனிதச் செயலால் நேர்ந்தது என்றும், 1991 முதல் 2010 வரையிலான இழப்பில் அப்பங்கு ஏறத்தாழ 69 விழுக்காடாக உயர்ந்தது என்றும் மதிப்பிட்டது. அம்மதிப்பீடுகளின் பிழைவரம்பு பெரிது என்றாலும், இயற்கை தொடங்கிவைத்த ஒரு போக்கை மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் கையிலெடுத்துக்கொண்டு விரைவுபடுத்தியுள்ளன என்பது அவற்றிலிருந்து தெளிவாகிறது. மேற்கு மொன்டானாவின் சராசரி வெப்பநிலை 1900க்கும் 2006க்கும் இடையில் 1.33 பாகை செல்சியஸ் உயர்ந்தது; இது அதே காலத்தின் உலகச் சராசரி உயர்வைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்காகும்.

பூங்காவின் காவல் இந்த இடத்தில்தான் அறிவியல் மதிப்பைப் பெறுகிறது. அணைகளும் ஆலைகளும் வயல்களும் நிறைந்த ஒரு மலைப்பகுதியில் பனி குறைந்தால், அதற்கு உள்ளூர்க் காரணங்களைத் தேட இடமுண்டு. மனிதத் தலையீடு இயன்றவரை விலக்கப்பட்ட கிளேசியர் பூங்காவில் அத்தகைய விளக்கத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. காவல் இருந்ததால்தான், பனியைத் தேய்ப்பது எல்லைக்கு வெளியிலிருந்து காற்றின் வழியே வரும் வெப்பம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தது.

நீரும் உயிரும்

பூங்காவிலிருந்து வெளியேறும் பேராறுகளின் மொத்த நீரில் பனியாறுகளின் பங்கு சிறியது. அந்நீரில் பெரும்பகுதி ஆண்டுதோறும் விழுந்து உருகும் பருவப் பனியிலிருந்து வருகிறது. எனினும், பருவப் பனி தீர்ந்துவிடும் கோடையின் இறுதியில், மலையுச்சி ஓடைகளைக் குளிர்ச்சியோடும் வற்றாமலும் வைத்திருப்பவை பனியாறுகளே. பனியாறு தேய்த்த பாறையின் நுண்துகள் அந்நீரில் கலந்து, ஒளியைச் சிதறடிப்பதால்தான் கிரின்னெல் ஏரி போன்றவை நீலப்பச்சை நிறம் பெறுகின்றன.

அந்தக் குளிர்நீரை நம்பி வாழும் உயிர்கள் உண்டு. உருகுநீர்க் கல்லீ, மேற்குப் பனியாற்றுக் கல்லீ ஆகிய இரு சிறு பூச்சியினங்களின் இளம்பருவம், பனியாற்றுக்கும் பனித்திட்டுக்கும் அடுத்துக் கீழே ஓடும் நீரில் கழிகிறது. வெப்பம் ஏற ஏற அவை மேலே நகர முயல்கின்றன. உச்சிக்கு மேல் நகர இடமில்லை. 2019இல் இவ்விரு இனங்களும் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. குளிர்நீரையே விரும்பும் புல் டிரவுட் மீனும் முன்னரே அந்நிலையை அடைந்திருந்தது. மரவரம்பில் வளரும் வெண்பட்டைப் பைன், வெளியிலிருந்து வந்த துரு நோய்ப் பூஞ்சையாலும் பட்டை வண்டுகளாலும் பெருமளவில் மடிந்து, 2022இல் அதே பட்டியலில் சேர்ந்தது. அதன் கொழுப்பு மிக்க விதைகளைக் கிளார்க் நட்கிராக்கர் என்னும் பறவை மண்ணில் புதைத்துச் சேமிப்பதாலும், கிரிஸ்லி கரடி உணவாகக் கொள்வதாலும், அம்மரத்தின் அழிவு அதனோடு முடிவதில்லை.

காவலின் வரம்பும் பொறுப்பும்

2006இல், பருவநிலை மாற்றத்தைக் காரணம்காட்டி வாட்டர்டன்-கிளேசியர் அமைதிப் பூங்காவை அபாயத்திலுள்ள பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் யுனெஸ்கோவிடம் மனுச் செய்தன. பூங்கா அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 2022இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் வெளியிட்ட ஆய்வு, பனியாறுகளைக் கொண்ட 50 உலகப் பாரம்பரியத் தலங்களுள் மூன்றில் ஒரு பங்கில் அவை 2050க்குள் மறைந்துவிடும் என்றும், வெப்பநிலை உயர்வு 1.5 பாகை செல்சியஸுக்குள் நின்றால் ஏனையவற்றின் பனியைக் காக்க இயலும் என்றும் கூறியது. கடந்த 20 ஆண்டுகளில் வாட்டர்டன்-கிளேசியரின் பனியாறுகள் தம் கனஅளவில் கால்பங்குக்கு மேல் இழந்ததையும் அது பதிவுசெய்தது.

பனியாறுகள் மறைந்தாலும் பூங்காவின் நிலக்காட்சி மறையாது. யு வடிவப் பள்ளத்தாக்குகளும் அரெட்டுகளும் கொம்புச் சிகரங்களும் இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் நிற்கும். மறையப்போவது அவற்றை இன்றளவும் செதுக்கிவரும் செயலும், அச்செயலைச் சார்ந்த குளிர்நீர் வாழ்வுமாகும். தேசியப் பூங்கா என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றபோது, கோடரியையும் சுரங்கத்தையும் வேட்டைத் துப்பாக்கியையும் தடுத்தால் இயற்கை தன்னைத் தானே பேணிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளமாக இருந்தது. அந்நம்பிக்கை கரடிக்கும் காட்டுக்கும் பெருமளவு பொருந்தியது, பனிக்குப் பொருந்தவில்லை. பூங்கா நிர்வாகம் நோய் எதிர்க்கும் பைன் நாற்றுகளை நடலாம், அயல்மீன்களை அகற்றலாம், தன் வாகனங்களின் புகையைக் குறைக்கலாம். கிரின்னெல் பனியாற்றின் வரவுசெலவைச் சரிசெய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்த ஆற்றல் மின்நிலையங்களையும் எரிபொருள்களையும் பற்றி முடிவெடுக்கும் நாடுகளிடம் உள்ளது. ஆகவே ஒரு பனியாற்றுப் பூங்காவைக் காப்பது என்பது அதன் எல்லைக்கு வெளியே செய்யப்பட வேண்டிய பணியாகிவிட்டது. எல்லைக்குள் செய்யப்பட வேண்டியது, அளப்பதையும் பதிவுசெய்வதையும் இடைவிடாது தொடர்வதாகும். ஏனெனில் பனிக்கு என்ன நேர்ந்தது என்பதை மறுக்க முடியாதபடி காட்டும் சான்றே, வெளியில் எடுக்கப்பட வேண்டிய முடிவுகளுக்கு இப்பூங்கா தரக்கூடிய உறுதியான ஆதாரமாகும்.